ஜீப்பை நிறுத்தப் போனவர்

மாமா,

போனை நீங்க எடுக்கிறதில்ல, எனக்கும் இப்போ வாயைத் திறக்க முடியல. அதான் இதை நீங்க இருக்கிற மலை எஸ்டேட்டுக்கு வர்ற முத்துப்பாண்டி அண்ணன்கிட்ட குடுத்து விடுறேன்.

ஞானப்பல்லை இன்னைக்குப் போடியில பிடுங்கியாச்சு. "துணைக்கு யாரும்மா?"ன்னு டாக்டரம்மா கேட்டாக. வீட்டுக்காரர் கீழ ஜீப்பை நிறுத்துறார்னு சொல்லிட்டேன். பஞ்சை ஒரு மணி நேரம் கடிச்சிருக்கணுமாம், எச்சியைத் துப்பக் கூடாதாம், ஆறுன கஞ்சிதான் குடிக்கணுமாம். உங்ககிட்டயும் சொல்லச் சொன்னாக.

வீட்டுக்குப் போகப் பிடிக்கல. பஞ்சைக் கடிச்சுக்கிட்டே மெட்டு ரோட்டுல நின்னு, மலையிறங்குன ஒவ்வொரு ஜீப்பையும் எட்டி எட்டிப் பாத்தேன். கன்னம் வீங்கிருச்சு, இன்னும் ஐஸ் வைக்கல. நீங்க கோவிச்சுக்கிட்டு மலையேறுனீகளே, அன்னைக்கு நடந்ததைப் பத்தி நான் எதுவும் எழுதப் போறதில்ல.

அடுத்த வியாழக்கிழமை தையல் பிரிக்கணும். ஜீப்பை நிறுத்தப் போன மனுசன் ஒரு வாரமாவா வரலன்னு டாக்டரம்மா கேட்டா, நான் என்ன சொல்லட்டும்?

வீங்குன கன்னத்தோட,
உங்க வீட்டுக்காரி