வாத்துக்கறியும் பினோ நுவாரும்

ஐப்பசி 12, சனி இரவு.

பிரான்சிலிருந்து வந்திருக்கும் மகன், மத்தியானச் சாப்பாட்டில் வாத்துக்கறிக்குப் பக்கத்தில் பினோ நுவார் ஒயின் பாட்டிலை வைத்தான். "இந்தக் கறிக்கு இதாம்பா சரியா இருக்கும். கொஞ்சம் ஊத்தட்டா?" என்றான். பெற்ற பிள்ளை எதிரில் எப்படிக் குடிப்பது? "எனக்கு அந்தப் பழக்கமே கெடையாதுடா" என்று சொல்லிவிட்டேன். தினமும் நான் சோரியாங்குப்பம் சாராயக்கடைக்குப் போவது அவனுக்குத் தெரியாதா? பாட்டிலை எடுத்துக்கொண்டு போனான். அவனும் குடிக்கவில்லை.

இன்று கடைக்குப் போக மனசில்லை. படுக்க வந்தால், என் அறையில் திறந்த பாட்டில், ஒரு கிளாஸ், கிண்ணத்தில் மீதிக் கறி. அவன் அறைக் கதவு சாத்தியிருந்தது.

லேசான புளிப்பு. கறியோடு நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டாவது கிளாஸும் ஆயிற்று, தூக்கம்தான் வரவில்லை. காலையில் அவன் கிளம்புகிறான். நன்றாக இருந்தது என்று அவனிடம் எப்படிச் சொல்வேன்?