என் பெயரில் நுழைந்தவள்

மார்ச் 3, திங்கள்

மேலாளர் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நாங்கள் வடிவமைத்த பாலத்தின் வரைபடங்கள் போட்டி நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கின்றனவாம். "சர்வரைப் பாத்துக்கிறது நீங்கதானே? இனிமே யார் எந்த ஃபைலைத் தொட்டாலும் எனக்குத் தெரியணும். வெளியே மூச்சு விடக் கூடாது."

யூனிக்ஸ் சர்வரில் தணிக்கையை இயக்கிவிட்டேன். பாலத்தின் ஃபோல்டரில் எதைத் திறந்தாலும், நகலெடுத்தாலும், அழித்தாலும் இனி பதிவாகும்.

அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. பக்கத்து மேஜையில் உட்கார்ந்து அதே பாலத்தை வரைகிறவர். கூடப் பிறக்காத குறைதான். சாப்பிடும்போது அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

மார்ச் 5

ஒன்றுமில்லை. எல்லாரும் அவரவர் வேலையைத்தான் பார்க்கிறார்கள். ஒளிந்திருந்து பார்க்கும் நான்தான் திருடி மாதிரி இருக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

என் பெயர்!

நேற்று மதியம் பாலத்தின் ஃபைல்களை மொத்தமாக நகலெடுத்தது நானாம். அந்த நேரத்தில் மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தேனே? ஆனால் நான் சொன்னால் யார் நம்புவார்கள்? காவலுக்கு வைத்த ஆளே நான்.

தாங்க முடியாமல் அக்காவிடம் கொட்டிவிட்டேன். மாடிப்படிக்குக் கூட்டிப்போய்க் கண்ணைத் துடைத்துவிட்டார். "பைத்தியமா நீ? இதை மேலாளர் பாத்தா உன்னைத்தான் புடிப்பாரு. பேசாம அந்தப் பதிவை அழிச்சிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

சரி என்று தலையாட்டினேன். இப்படி ஒருத்தர் பக்கத்தில் இருப்பதே போதும் என்று தோன்றியது.

மார்ச் 8, சனி

அழிக்கத்தான் போனேன். விடுமுறை, அலுவலகத்தில் ஆளே இல்லை. கை வரவில்லை. அழிப்பதற்கு முன் ஒருமுறையாவது முழுதாகப் படிப்போம் என்று உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு பதிவிலும் இரண்டு அடையாளங்கள் இருக்கும். எந்தக் கணக்கில் வேலை நடந்தது என்பது ஒன்று. முதலில் யாராக உள்ளே நுழைந்தார்கள் என்பது இன்னொன்று. நடுவில் வேறு கணக்குக்கு மாறினாலும் அது மாறாது. பயத்தில் முதலாவதை மட்டும் பார்த்திருக்கிறேன். இதையே வேலையாகச் செய்கிற நான்!

முதலாவதில் என் பெயர். இரண்டாவதில் அக்கா.

தன் கணக்கில் நுழைந்து, அங்கிருந்து என் கணக்குக்கு மாறி... பாஸ்வேர்ட் எப்படித் தெரியும்? நான்தான் சொன்னேன். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது, "நீ ஆஸ்பத்திரியிலேயே இரு, உன் வேலையை நான் முடிக்கிறேன்" என்றாள். போனில் சொன்னேன். அப்புறம் மாற்றவே இல்லை. அக்காதானே...

அழிச்சிடுன்னு சொன்னியே. அழிச்சிருந்தா உன்னைக் காட்டுற ஒரே சாட்சியும் போய், நானே என் தலையில மண்ணள்ளிப் போட்டிருப்பேனே. கண்ணை வேற துடைச்சுவிட்டியே, பாவி!

மார்ச் 9

மகள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

மார்ச் 10, திங்கள்

முதலில் அவளிடம்தான் போனேன். அதே மாடிப்படி. மறுக்கவில்லை.

"அங்க தலைமைப் பொறுப்பு தரேன்னாங்க. இங்க எத்தனை வருஷம் இருந்தாலும் எனக்கு இதே நாற்காலிதான்."

"அதுக்கு என் பேரு எதுக்குக்கா?"

கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ சின்னவ. உனக்கு வேற வேலை கிடைச்சிடும்னு நெனச்சேன்."

கோபத்தில் செய்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். உட்கார்ந்து யோசித்து, எனக்கு எவ்வளவு அடிபடும் என்று கணக்குப் போட்டு, பரவாயில்லை என்று முடிவு செய்திருக்கிறாள்.

பதிவை மேலாளரிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். "உங்க மேலதான் எனக்குச் சந்தேகம் இருந்தது" என்றார். அந்த ஃபைல்களை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதாக அவரிடம் ஏற்கெனவே யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 11

பக்கத்து மேஜை காலி.

ஜூன் 19, வியாழன்

அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு. ஏதோ சின்ன நிறுவனம். போட்டி நிறுவனம் அவளைக் கைகழுவிவிட்டது போலிருக்கிறது. வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள், விசாரிக்க என் பெயரையும் எண்ணையும் கொடுத்திருக்கிறாள்.

"உங்களைத் தங்கச்சி மாதிரின்னு சொன்னாங்க. வேலை எப்படிங்க?"

"பிரமாதமா வரைவாங்க. அவங்க கோடு இழுத்தா தப்பே இருக்காது."

"நம்பிக்கையான ஆளா?"

"இல்லைங்க" என்றேன்.

அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். பிறகு வழக்கம்போல வேலை பார்த்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அழுதேன். யாரோ எழுந்து உட்கார இடம் கொடுத்தார்கள்.