பார்த்த பிறகு எழுது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், அம்மா போன மாதத்துக்கு இப்போது தேவலை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. போனில் பேசினால் போதாதா, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ கேள்வி கேட்டால் எனக்கு வாய் குழறுகிறது. நான் பாதி சொல்வதற்குள் நீ அழுதுவிடுகிறாய், நீ அழுதால் நான் சரிம்மா சரிம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறேன். சென்ற தடவையும் அப்படித்தான், அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்க வந்த அந்த அம்மாளை இனி வீட்டுக்குள் விடமாட்டேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டேன். பாப்பா, அவரை மறுபடியும் வரவழைத்திருக்கிறேன். கோபப்படு, ஆனால் முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படு.

நீ லீவு முடிந்து கிளம்பிய பிறகுதான் அவர் வரத் தொடங்கினார் என்பதால் முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்க சமூக நலத்துறையிலிருந்து வீட்டுக்கே ஆள் அனுப்புவார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் அல்லவா, அப்படி வந்தவர். ஆள் குள்ளம், குரல் மட்டும் ரயில் நிலையத்து அறிவிப்பு மாதிரி. படியில் விளையாடும் பிள்ளைகள் ஸ்பீக்கர் அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கும் அது தெரியும், "கரண்ட் போனாலும் இந்த ஸ்பீக்கர் நிக்காது சார்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வந்ததும் முதல் வேலையாக என்னை அறையைவிட்டு வெளியே அனுப்புவார். "நீங்க பக்கத்துல நின்னா அம்மா உங்க கையத்தான் தேடுறாங்க. நீங்களும் ஓடி வந்து தூக்கிடுறீங்க. அப்புறம் அவங்க எப்ப சொந்தக் கால்ல நிக்கிறது? போய் டீ போடுங்க" என்பார். நான் டீ போடுவேன். கதவுக்கு அந்தப் பக்கம் "எந்திரிங்க! இன்னும்! சத்தம் போட்டு எந்திரிங்க!" என்று அவர் அதட்டுவதும், அம்மா அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழுப்புவதும் கேட்கும். மூச்சையும் குரலையும் சேர்த்துத் தள்ளினால்தான் உடம்பு கிளம்பும் என்பது அவர் முறை. முதல் நாள் டீயைக் கொட்டிவிட்டேன். பிறகு பழகிவிட்டது, கட்டடத்துக்கே பழகிவிட்டது. மேல் வீட்டம்மாகூட படியில் பார்த்தால் "என்ன மாமா, இன்னிக்கு உங்க வீட்ல கச்சேரி பலமா இருந்துச்சே" என்று கிண்டல் செய்துவிட்டுப் போவார்.

அப்புறம்தான் டிவியில் அந்தப் படம் வந்தது. எங்கோ ஒரு ஊரில் இதே துறையைச் சேர்ந்த ஒருவன் படுக்கையில் கிடந்த பெரியவரை அடிக்கிற படம். அது பொய் என்று நான் சொல்லவில்லை. அதைக் காட்டாமல் இருந்திருந்தால் அந்தப் பெரியவர் இன்னும் அடி வாங்கிக்கொண்டிருப்பார், காட்டியவர்களுக்கு அந்தப் புண்ணியம் உண்டு. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் அதே அடி, முடிவெட்டப் போனால் அங்கேயும் அதே அடி. அடித்தவன் ஒருவன்தான் என்பது மறந்துபோய், துறையில் எல்லாருமே அடிப்பவர்கள் என்று எங்கள் மனதில் எப்படியோ படிந்துவிட்டது. கீழ் வீட்டில் தனியாக இருக்கிறாரே பழைய தபால்காரர், அவர் தனக்குத் துறையிலிருந்து மதியச் சாப்பாடு கொண்டுவரும் பெண்ணைக் கதவு திறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டு பிஸ்கட் தின்று படுத்துக்கொண்டார். நம் வீட்டுச் சத்தம் மாறவில்லை பாப்பா, கேட்கிறவர்கள் காதுதான் மாறிவிட்டது. மேல் வீட்டம்மா மாடிப்படி ஜன்னலோரம் நின்று அதைப் போனில் பதிவு செய்து சேனலுக்கு அனுப்பிவிட்டார். அவரைத் திட்டாதே. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கு இரண்டு வேளையும் சமைத்துக் கொடுத்தவர் அவர்தான். "எங்கம்மாவா இருந்தா நான் கேட்டுட்டு சும்மா இருப்பேனா மாமா" என்று பிறகு அழுதார்.

சேனலிலிருந்து மைக்கோடு ஒரு பெண் வந்தாள். மரியாதையான பெண், செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். அந்த அம்மாள் உங்கள் மனைவியை அடிக்கிறாரா என்று கேட்டாள். என் குணம் உனக்குத் தெரியும். வேலைக்காலம் முழுவதும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கழிந்தது, சோதனைக் குழாயில் பார்த்ததை மட்டும் எழுது, பார்க்காததை ஊகித்து எழுதாதே என்பது ரத்தத்தில் ஊறிவிட்டது. அதனால் "பயிற்சி நேரத்துல நான் அந்த அறைக்குள்ள இருக்கமாட்டேன், உள்ள என்ன நடக்குதுன்னு நான் பார்த்ததில்ல, ஆனா அவங்க வந்த பிறகுதான் என் மனைவி எழுந்து உக்கார்றாங்க" என்றேன். ராத்திரி செய்தியில் "உள்ள என்ன நடக்குதுன்னு நான் பார்த்ததில்ல" என்பதோடு நிறுத்திவிட்டார்கள். முன்னால் அந்தச் சத்தம், பின்னால் என் முகம். என் முகத்தைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வந்தது, எதையோ மறைக்கிற ஆள் மாதிரி விழித்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் நீ அங்கே பார்த்தாய், அழுதாய், துறைக்குப் புகார் எழுதினாய். பெற்ற மகள் வேறென்ன செய்வாள்.

அந்த அம்மாளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வேறு ஆள் அனுப்பவும் இல்லை, வருவதற்கு யாரும் ஒப்புக்கொள்ளவில்லையாம். வீட்டுக்கு வீடு சந்தேகமாகப் பார்த்தால் யார்தான் வருவார்கள். அம்மா படுத்த படுக்கைக்கே திரும்பிவிட்டாள். அவர் வரும் நாட்களில் காலையிலிருந்தே முகத்தை வாசல் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வாள், இப்போது சுவரைப் பார்த்துக் கிடந்தாள். இடது கால் மறுபடி மரக்கட்டை ஆகிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் பிறகு நிற்க வைக்கவே முடியாது என்று டாக்டர் சொன்னார். அதை உன்னிடம் போனில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

விசாரணைக்குப் போனேன். அந்த அம்மாள் ஓரத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவர் வாய் மூடி இருந்து நான் பார்த்தது அன்றுதான். அதிகாரி கேட்டதற்கு நான் பார்த்ததை மட்டும் சொன்னேன். பயிற்சி முடிந்து அந்த அம்மாள் போன பிறகு அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிடுவது நான்தான், கையிலோ முதுகிலோ ஒரு சிவப்புகூடக் கண்டதில்லை. வாசல் பக்கம் திரும்பியிருந்த முகத்தைச் சொன்னேன், சுவர்ப் பக்கம் திரும்பிய முகத்தையும் சொன்னேன். "இதெல்லாம் டிவில ஏன் சார் சொல்லல?" என்று அதிகாரி கேட்டார். "ஒரு பாதி சொன்னேன் சார், அது வரல. மீதிய யாரும் கேக்கல" என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு பதில் வரும் என்று நான் நினைக்கவில்லை. தற்காலிகமாக வரலாம் என்று அனுமதித்தார்கள். ஆனால் குடும்பத்திலிருந்தே எழுத்தில் வந்த புகார் இருப்பதால் விசாரணையை முடிக்க முடியாதாம், எந்த நாளும் மறுபடி நிறுத்திவிடலாமாம். அது உன் புகார்தான் பாப்பா.

வந்தார். ஆனால் குரலைக் காணோம். நோயாளியிடம் ரகசியம் பேசுவதுபோல "எந்திரிங்கம்மா" என்கிறார். என்னை வெளியே அனுப்பவும் இல்லை, "இல்ல சார், நீங்க கண்ணு முன்னாடியே இருங்க" என்று கெஞ்சினார். அம்மா என் கையைத் தேடினாள், நான் தூக்கினேன், அவ்வளவுதான் பயிற்சி. அதற்கு அடுத்த தடவையும் அதே கதை. நான் நிறைய யோசித்தேன். பிறகு போன சனிக்கிழமை அவர் வந்ததும் வாசல் கதவையும் படிப்பக்கத்து ஜன்னலையும் விரியத் திறந்து வைத்தேன், கை தானாக நீண்டுவிடக் கூடாது என்று முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன், "எந்திரி! இன்னும்! சத்தம் போடு!" என்று கத்தினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. குரல் நடுவில் உடைந்து கீச்சென்று போனது. அம்மா என்னைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள், பிறகு ஒரு பக்கம் கோணிய அந்த வாயால் சிரித்தாள். ஸ்பீக்கர் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சார், இந்தத் தொண்டைய இத்தனை நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க!" என்றார். அதற்குப் பிறகு அவருடைய குரலும் வந்துவிட்டது.

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள். நீ கேட்டு அழுதாயே, அதே சத்தத்தோடுதான். இவ்வளவு நாள் சமையலறையிலிருந்து கேட்டதை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கண்ணில் தண்ணீர். வலி இல்லை என்று சொல்லமாட்டேன், வலி இருக்கும். ஆனால் அது அடி வாங்குகிறவள் முகம் இல்லை. மேல் வீட்டம்மா காய்கறிப் பையோடு படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு ஏறிப் போனார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. தபால்காரர் அந்தச் சாப்பாட்டுப் பெண்ணுக்கு இன்னும் கதவு திறக்கவில்லை, மதியம் நான்தான் அவளிடமிருந்து சாப்பாட்டை வாங்கிக்கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிட்டு வருகிறேன்.

இதைப் படித்த உடனே துறைக்கு ஒன்றும் எழுதிவிடாதே பாப்பா. அப்பா சொன்னார் என்று புகாரைத் திரும்பப் பெற்றால், டிவி சொன்னது என்று புகார் கொடுத்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வரும் சனிக்கிழமை காலை வீடியோவில் கூப்பிடு. போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு நான் டீ போடப் போய்விடுகிறேன், நீயே முழுவதும் பார். பார்த்த பிறகு எழுது. பார்த்த பிறகும் உனக்கு மனது ஒப்பவில்லை என்றால் அதையும் எழுது, நான் தடுக்கமாட்டேன்.

மாப்பிள்ளையை முதுகு வலியோடு ரொம்ப தூரம் கார் ஓட்ட வேண்டாம் என்று சொன்னதாகச் சொல். சின்னவளுக்கு முன்பல் விழுந்த போட்டோவை அம்மாவிடம் காட்டினேன், நீயும் அப்படியேதான் இருந்தாய். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல் நீண்ட நாள் வாழ எங்கள் இருவருடைய ஆசியும் எப்போதும் உண்டு. சனிக்கிழமையை மறந்துவிடாதே. அம்மா எழும்போது போனைக் காதுக்குக் கிட்டே வைத்துக்கொள்ளாதே, நல்ல சத்தமாக இருக்கும்.

உன் வரவையும் குரலையும் எதிர்பார்த்திருக்கும்
அப்பா