ஒன்றை மட்டும் விடும் அமிலம்

பின்வாசலில் கால் துடைக்கப் போட்டிருக்கும் உரச் சாக்கு மழையில் நனைந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அதில் காலை வைத்ததும் வாடை குப்பென்று ஏறியது. மலையிலிருந்து வரும்போது நீங்கள் சட்டையில் கொண்டுவரும் அதே வாடை. வெளியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வாருங்கள் என்று எத்தனை சண்டை போட்டிருப்பேன். இன்று அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்களிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது.

பொசுபரசு அமிலங்கள் பாடத்தை இன்று நடத்திவிட்டேன்.

வேறு யாருக்கும் இது ஒரு சேதியே இல்லை. உயர்தர வகுப்புக்கு இரசாயனம் எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்தே கஷ்டமான பாடங்களை முதலில் உங்களிடம்தான் சொல்லிப் பார்ப்பேன். பிள்ளைகள் எங்கே வழுக்குவார்கள் என்பதை நீங்கள் வழுக்கும் இடத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் கண்டாக்கு வேலை பார்த்து, நாளெல்லாம் தேயிலைக்குள் ஆட்களின் பின்னால் அலைந்துவிட்டு வந்த மனுஷன், தேத்தண்ணிக் கோப்பையோடு என் முன்னால் உட்கார்ந்து அமிலம் படிக்க வேண்டியிருந்தது. என்னைக் கட்டிய தலைவிதி என்பீர்கள்.

இந்தப் பாடத்தில் நீங்கள் வழுக்கியதைப்போல வேறெதிலும் வழுக்கவில்லை. மூன்று அமிலங்கள். மூன்றிலும் மும்மூன்று ஐதரசன், ஒட்சிசன் மட்டும் நான்கு, மூன்று, இரண்டு என்று குறையும். பொசுபோரிக் அமிலம் மூன்றையும் விடக்கூடியது, பொசுபரசு அமிலம் இரண்டை, ஐப்போபொசுபரசு அமிலம் ஒன்றை மட்டும். எது வலிமையானது என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் பொசுபோரிக் என்றீர்கள். இல்லை, கடைசியாகச் சொன்ன ஐப்போதான் என்றேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"என்னா டீச்சர் கத விடுறீங்க. பெரட்டுக்கு வந்த மூணு பேரையும் மலைக்கு அனுப்புறவன் சின்ன ஆளு, ஒருத்தன அனுப்புறவன் பெரிய ஆளா?"

விடியும்முன் பெரட்டில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்புகிறவருக்கு வேறெப்படித் தோன்றும். "எத்தன பேர அனுப்புறான்ங்கறது வேற கணக்குங்க. மொத ஆள எவ்வளவு லேசா விடுறான்ங்கறதுதான் வலிம" என்றேன். நீங்கள் கோப்பையை மறுபடி எடுத்துக்கொண்டீர்கள். பிறகு, "அப்ப நம்ம தொரைதான் பொசுபோரிக். எல்லா ஆளும் அவருகிட்ட, ஒருத்தன விடச்சொன்னா உசுரு போயிரும்" என்றீர்கள். எனக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது. அன்றிலிருந்து மெலிந்த மனிதர்கள் எல்லாரும் உங்களுக்கு 'ஐப்போ' ஆனார்கள்.

கந்தகத்திலும் நைதரசனிலும் ஒட்சிசன் கூடக் கூட அமிலம் வலுக்கும். இங்கே மட்டும் ஏன் இப்படி என்று பிள்ளைகள் கேட்பதற்கான பதிலையும் உங்களுக்குச் சொல்ல வந்தேன். இங்கே கூடுதலாக வரும் ஒவ்வொரு ஒட்சிசனும் ஒரு ஐதரசனைக் கையில் பிடித்துக்கொண்டே வருவதால் இழுக்கும் பலம் கூடுவதில்லை. "போதும் டீச்சர், மண்ட காயுது" என்று எழுந்து போய்விட்டீர்கள். பாதிப் பாடம் நின்றுபோனது. நானும் விட்டுவிட்டேன். எங்கே போய்விடப்போகிறீர்கள் என்ற எண்ணம்தான்.

பிறகு உங்கள் நெஞ்சில் சளி என்றார்கள், அப்புறம் அது சளி இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரியில் பார்க்க விடும் நேரம் முடிந்து எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்களே மெலிந்து ஐப்போவாகிக் கிடந்தீர்கள்.

"டீச்சர், கையில இருக்கிறது ஒண்ணே ஒண்ணுன்னாலும் ஐப்போதான் லேசா விடும்னு சொன்னீங்கல்ல. நீங்களும் கெட்டிக்காரிதான். விட்டுருங்க."

பிள்ளையும் குட்டியும் இல்லாத வீட்டில் எனக்கிருந்தது நீங்கள் ஒருவர்தான். "வாய மூடிக்கிட்டுப் படுங்க" என்று சீறிவிட்டு வந்தேன். மறுநாள் நீங்கள் பேசும் நிலையில் இல்லை.

நீங்கள் போன பிறகு இந்தப் பாடத்தை என்னால் எடுக்க முடியவில்லை. நைதரசனை முடித்துவிட்டு நேரே கந்தகத்துக்குத் தாவினேன். சோதனை நெருங்கிவிட்டது. மஸ்கெலியாவிலிருந்து பஸ் ஏறி வருகிற ஒரு பிள்ளை, "டீச்சர், பொசுபரசு மட்டும் மிச்சம் இருக்கு, அதுல கேள்வி வந்தா நாங்க என்னா செய்றது?" என்று நேற்று முகத்துக்கு நேரே கேட்டாள். என் துக்கத்துக்கு அவர்கள் ஏன் புள்ளி இழக்க வேண்டும்?

இன்று நடத்தினேன். வலிமை வரிசை வரை குரல் பிசகவில்லை. அப்போது அதே பிள்ளை எழுந்தாள்.

"ஐப்போபொசுபரசுலயும் மூணு ஐதரசன் இருக்குல்ல டீச்சர். ஒண்ணுதான் போகுதுன்னா மத்த ரெண்டும்?"

நீங்கள் கேட்காமல் எழுந்துபோன கேள்வி. "போறது ஒட்சிசன்ல இருக்கிறது. மத்த ரெண்டும் பொசுபரசோட நேரா ஒட்டினதும்மா. அது போகாது."

"நெறைய தண்ணி சேத்தாலுமா?"

"சேத்தாலும் போகாது."

சொல்லிவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். துடைக்க வேண்டியது பலகையில் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னதற்குப் பதில் என் பாடத்திலேயே இருந்திருக்கிறது. இருந்த கோபத்தில் அன்று அது வாயில் வரவில்லை.

விடச் சொன்னீர்கள். விட முடிந்ததை விட்டேன். உங்கள் சட்டைகளை என் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன், மழைக்கோட்டையும் கொடுத்தாயிற்று. கட்டிலை நகர்த்திப் போட்டிருக்கிறேன். மற்றது போகாதுங்க.