மாமாவின் மேற்பார்வையில்

ஜனவரி 19

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்களும் அத்தையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். வந்து இவ்வளவு நாளாகியும் ஒரு வரி இல்லையே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே குளிர் முதலில் விரல்களைத்தான் பிடிக்கிறது. ஆய்வகத்தில் கையுறை போட்டுக்கொள்ளலாம், கடிதத்துக்கு அது சரிப்படவில்லை.

அறை நான்காவது மாடியில் இருக்கிறது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. வேறு யாரிடமாவது சாவி இருக்கிறதா என்று விடுதிக் காப்பாளரை மறுபடி மறுபடி கேட்டதில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இந்தப் பக்கத்து வழிகாட்டி மேடத்துக்கு மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் சிவப்புப் பேனா. என் இரண்டாம் அத்தியாயம் அம்மை போட்ட குழந்தை மாதிரி திரும்பி வந்தது. ஆனால் வேலை தெரிந்தவர். கடலோரப் பாலத்தில் நான் வெட்டியெடுத்த கான்கிரீட் உருளைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உப்பு இவ்வளவு ஆழம் இறங்கியிருக்கே! யார் வெட்டினது இதை?" என்றார். நான்தான் என்றேன். இந்த ஊருக்கு வந்து முதல் தடவையாகக் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

கூட்டு ஒப்பந்தம் இன்னும் இவர்களுடைய சட்டப் பிரிவில்தான் இருக்கிறது. இரண்டு பல்கலைக்கழகம், இரண்டு வழிகாட்டி, ஒரே ஆய்வேடு, இரண்டு முத்திரை விழுந்த ஒரே பட்டம் என்று நீங்கள் சொன்னபோது சுலபமாகத்தான் தெரிந்தது. இவர்கள் வார்த்தைக்கு வார்த்தை நிறுத்திக் கேட்கிறார்கள். "ஆண்டில் பாதி அங்கே, பாதி இங்கே" என்று இருப்பதை "ஆய்வின் தேவைக்கேற்ப" என்று மாற்ற உங்கள் பக்கத்தில் சம்மதிப்பார்களா? மேடத்துக்கு ஆட்சேபம் இல்லை.

ஒப்பந்தப் படிவத்தில், வழிகாட்டி உறவினரா என்று ஒரு கேள்வி இருந்தது. மாமனார் என்று எழுதினேன். மேடம் அதைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

கிளம்பும் அன்று காலை, காணாமல் போயிருந்த பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்தீர்கள். அது எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அதற்கு நன்றி சொல்லாமலே வந்துவிட்டேன்.

போன் வேண்டாம் மாமா. நீங்கள் எடுத்தாலும் உங்கள் மகன் வந்து பக்கத்தில் நிற்பார். துறை முகவரிக்கே எழுதுகிறேன்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 8

அன்பு மருமகளுக்கு ஆசிகள்.

கடிதம் கிடைத்தது. துறை எழுத்தர் அதைக் கோப்பில் சேர்க்க நூலும் ஊசியுமாக நின்றுகொண்டிருந்தார். "யோவ், அது என் வீட்டுக் கடிதம்" என்று பிடுங்க வேண்டியதாயிற்று. மின்னஞ்சல் என்றால் அச்சடித்து நாலு பேருக்கு நகல் கொடுத்திருப்பார். தாள்தான் நமக்கு நல்லது.

நல்ல செய்தி: ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகிவிட்டது! நம் பல்கலைக்கழகத்தில் இது முதல் கூட்டு முனைவர் பட்டம். துணைவேந்தர் என் முதுகில் தட்டினார். உறவு விஷயத்தைக் குழுவில் நானே எழுந்து சொல்லிவிட்டேன். "வீட்டுக்குள்ளேயே வழிகாட்டின்னா மாணவி ஓடி ஒளிய முடியாதே சார்" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

காலப் பிரிவை மட்டும் மாற்ற முடியவில்லை. பாதிக்குப் பாதி என்பது இங்கே விதி. ஆகஸ்டில் நீ வந்தாக வேண்டும். ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வும் இங்கேதான், நேரில்தான். இரண்டு வழிகாட்டிகளில் ஒருவர் விலகினாலும் ஒப்பந்தம் ரத்து. நம் இரண்டு பக்கத்துக்கும் அது பாதுகாப்பு. பயப்படாதே, நான் விலகுகிற ஆளா?

உன் அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை. உன்னைப் பற்றித்தான் பேச்சு. அவனும் கேட்கிறான். வேலையிலிருந்து வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல், "அவ எழுதினாளா, எப்ப வர்றா?" என்கிறான். உனக்கு வேலை ஜாஸ்தி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவனுக்கும் இரண்டு வரி எழுதிப் போட்டால் என்னம்மா? எனக்கு எழுத உனக்கு நேரமிருக்கிறதல்லவா?

மூன்றாம் அத்தியாயத்தை விரிவாக எழுது. குறைக்காதே.

இப்படிக்கு,
மாமா


ஏப்ரல் 27

அன்புள்ள மாமாவுக்கு,

மூன்றாம் அத்தியாயத்தை விரித்து எழுதி அனுப்பினேன். சிவப்புப் பேனா பாதியை வெட்டிவிட்டார். நீங்கள் வெட்டியதை ஒட்டச் சொல்வீர்கள், அவர் ஒட்டியதை வெட்டச் சொல்வார். நடுவில் நான் தையற்கடைத் துணி மாதிரி கிடக்கிறேன். சிரிக்கத்தான் எழுதினேன், ஆனால் எழுதி முடித்ததும் சிரிப்பு வரவில்லை.

வேலை நன்றாகப் போகிறது. உருளைகளை உப்புத் தொட்டியில் ஊறவைத்திருக்கிறோம். எடுத்து, உலர்த்தி, அறுத்து, அளந்து, மறுபடி ஊறவைக்க வேண்டும். அக்டோபருக்கு முன்னால் தொட்டியை நிறுத்தினால் இதுவரை அளந்தது எதற்கும் உதவாது. அதுவரை இங்கே இருக்க மேடம் கடிதம் தரத் தயார். நீட்டிப்புக்கு உங்கள் கையெழுத்தும் வேண்டும். ஒரே ஒரு கையெழுத்து மாமா.

இன்னொன்று. போன வாரம் அவர் ஆய்வகத்துக்கே போன் செய்திருக்கிறார். எண் எப்படிக் கிடைத்ததோ தெரியவில்லை. மேடம்தான் எடுத்தார். "என் மனைவியைத் திருப்பி அனுப்புங்க, இல்லேன்னா எங்கப்பா ஒப்பந்தத்தை ரத்து பண்ணிடுவார்" என்றாராம். மேடம் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நான் சட்டென்று எழுந்து கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "உங்க மாமனார் அப்படிச் செய்வாரா?" என்று மட்டும் கேட்டார்.

மாட்டார் என்றேன். நான் சொன்னது சரிதானே மாமா?

மருமகள்


மே 20

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் யாராவது வந்துவிடுகிறார்கள். துறையில் எழுத்தர், வீட்டில் அவன்.

ரத்து என்ற வார்த்தையை நான் அவனிடம் சொல்லவில்லை. அவனுடைய கற்பனை அது. கோபம் வந்தால் அவனுக்குக் கண்மண் தெரியாது, மற்றபடி கெட்டவன் இல்லை. உனக்குத் தெரியாததா? ஆனால் அந்நியர் ஒருவர் நம் வீட்டு விஷயத்தைக் கேட்கும்படி ஆகிவிட்டதே என்று எனக்கு வருத்தம். நீயும் கொஞ்சம் மூடி வைத்திருக்கலாம்.

நீட்டிப்புத் தாள் என் மேசை மேல் இருக்கிறது. பேனாவை எடுத்தேன் அம்மா, பொய் சொல்லவில்லை. அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு எப்படிப் போவது? "நீங்கதானே அவளை அனுப்பினீங்க, இப்ப நீங்கதான் பிடிச்சு வைக்கிறீங்க" என்பான். ஏற்கெனவே சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்காருவதில்லை. உன் அத்தை எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு பரிமாறுகிறாள்.

நான் ஒரு வழி சொல்கிறேன். ஆகஸ்டில் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. அவன் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசு. நான் வீட்டில்தானே இருக்கிறேன், என்ன ஆகிவிடும்? நீ வந்து இறங்கிய அன்றே கையெழுத்துப் போட்டுக் கையில் தருகிறேன். தொட்டியை அதுவரை யாராவது பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

உன் அப்பா, "படிச்சது போதும்" என்று சொன்னபோது, "இவளை நான் டாக்டர் ஆக்குறேன் சம்பந்தி" என்று கூடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னவன் நான். அந்த வார்த்தையை நான் காப்பாற்ற வேண்டாமா? அதற்கு நீயும் கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டாமா?

மாமா


ஜூன் 16

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

"நான் வீட்டில்தானே இருக்கிறேன், என்ன ஆகிவிடும்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைத்தான் இத்தனை நாளும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வுக் குழு முன் நான் பேச வேண்டிய முன்வரைவுக் கருத்தரங்கு நாளன்றும் நீங்கள் வீட்டில்தான் இருந்தீர்கள். காலையில் அவர் என்னைப் பின்னறையில் வைத்துப் பூட்டினார். நான் புடவை கட்டித் தயாராக இருந்தேன். நீங்கள் வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. "மாமா" என்று கூப்பிட்டேன். செருப்புச் சத்தம் நின்றது. பிறகு படியிறங்கிப் போனது.

எனக்குக் காய்ச்சல் என்று குழுவில் சொன்னீர்கள். என் படங்களை நீங்களே திரையில் போட்டு, என் அளவுகளை நீங்களே விளக்கினீர்கள். பிரமாதமாகப் பேசினீர்கள் என்று பின்னால் எல்லாரும் சொன்னார்கள். சாயங்காலம் வந்து பூட்டைத் திறந்து, "கமிட்டி பாராட்டினாங்கம்மா" என்றீர்கள். நானும், "ரொம்ப நன்றி மாமா" என்றேன். அந்த நன்றியை நினைத்தால்தான் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

உங்களை நான் வெறுக்கவில்லை. என்னைப் படிக்க வைத்தது நீங்கள். பாலத்தின் அடியில் படகில் நின்று துளைக் கருவியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் நீங்கள்தான். அதனால்தான் இவ்வளவு நாளும் வாய் திறக்க முடியவில்லை. அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் வழிகாட்டி போய்விடுவார், வழிகாட்டியைப் பற்றிச் சொன்னால் வீடு போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே நீங்கள் நின்றீர்கள்.

கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறேன் என்று இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் இன்று எழுதிவிட்டேன். மேடம் என்னைத் தனி மாணவியாகச் சேர்த்துக்கொள்கிறார். முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் பெயரில் பதிவான அத்தியாயங்களைத் தொட மாட்டேன். உருளைகள் மட்டும் வேண்டும். அவற்றைப் பயன்படுத்த உங்கள் துறைக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும். கொடுக்காவிட்டால் புதிதாக வேறு பாலத்தில் வெட்டிக்கொள்வேன்.

இங்கே ஒரு வழக்கறிஞரைப் பார்த்திருக்கிறேன். விவாகரத்து நோட்டீஸ் உங்கள் மகனுக்கு வரும். உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஆகஸ்டில் நான் வரவில்லை.

அத்தையை மருந்தை நிறுத்தாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.


ஜூலை 9

அன்பு மருமகளுக்கு,

ஆட்சேபமின்மைக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். துறை முத்திரை போட்டிருக்கிறது. உருளைகள் உன்னுடையவை. எழுத்தர், "என்ன சார், வீட்டுப் பொண்ணே விலகிடுச்சா?" என்று கேட்டார். உடல்நிலை சரியில்லை என்றேன்.

கருத்தரங்கு நாளைப் பற்றி எழுதியிருந்தாய். நான் அன்று போகாமல் இருந்திருந்தால் உன் பதிவே ரத்தாகியிருக்கும். அதை நினைத்துத்தான் போனேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேறு எழுத வரவில்லை.

ஒப்பந்தக் கோப்பை மூடிவிட்டார்கள். துணைவேந்தர் இப்போது நடைபாதையில் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார். அது கிடக்கட்டும்.

நோட்டீஸ் இன்னும் வரவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் வாசலில் போய் நின்றுகொள்கிறேன். வந்தால் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாது.

வீட்டில் யாரிடமும் நான் எதுவும் சொல்லவில்லை. நீ ஆகஸ்டில் வருவதாகத்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உன் அத்தை புதுத் தலையணை உறை தைத்து வைத்திருக்கிறாள். அவன் முடிவெட்டிக்கொண்டு வந்தான். இரண்டு நாளாக என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறான், "எந்த விமானம்னு கேட்டீங்களாப்பா?" என்று நேற்றுக் கேட்டான். விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இவர்களிடம் எப்படிச் சொல்வது அம்மா? நீ எனக்கு எழுதின மாதிரி தெளிவாக எனக்குச் சொல்ல வரவில்லை. நாலு வரி எழுதி அனுப்பு. நான் படித்துக் காட்டிவிடுகிறேன்.

மாமா