கந்தகம் கலந்த சீயக்காய்

1940, தை கடைசி வெள்ளி.

தலையெல்லாம் ஊசின முட்டை நாற்றம். பொடுகு போகும் என்று காரிமங்கலம் சந்தையில் வாங்கிய கந்தகத்தைச் சீயக்காயில் கலந்து, மாமியாரே என் தலையில் அரக்கித் தேய்த்தார். குளித்துவிட்டு வந்தால் என் வெள்ளி மெட்டி கன்னங்கரேலென்று கறுத்திருக்கிறது.

"மெட்டி கறுத்தா புருசனுக்கு ஆவாதுடி! என்னடி பண்ணித் தொலைச்ச?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

"கந்தகம் பட்டுக் கறுத்துதுங்க அத்தை. உங்க வெள்ளி மோதரத்தப் பாருங்க."

கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். சாயங்காலம் கொல்லையில் அந்த மோதிரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மகனுக்குச் சோறு போடும்போது என் மெட்டியைப் பற்றி மட்டும் சொன்னார்.

இவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் குளிரில் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

இவர்களுக்குக் கந்தக நாற்றமே தேவலை.