கழுகு முட்டை தேடிப் போனவள்

அன்பு மகன் ஜமீர்பெக்குக்கு உன் அம்மா உல்கான் எழுதிக்கொள்வது. இங்கே ஆளும் ஆடு மாடும் சுகம், உன் அப்பாவின் முட்டி மட்டும் சுகமில்லை, அது எப்போதுமே அப்படித்தான். அங்கே நீயும் மருமகள் சோல்போனும் ரொட்டி அடுப்புச் சூட்டில் நின்றுவிட்டு வேர்வையோடு குளிரில் வெளியே ஓடாமல் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். இந்த வருஷம் முப்பத்தொரு குட்டி, அதில் இரட்டை நாலு. பனி உருகி ஆற்றில் தண்ணீர் பழுப்பாக ஓடுகிறது. இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான், ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், உன் அப்பா பின்னாலிருந்து கத்துவார், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் என் கையெழுத்தை டீச்சர் சுவரில் ஒட்டியிருந்தாள், அது மாதிரி இந்த ஊரில் வேறு யாருக்கும் நடக்கவில்லை. எழுதினால் நீ கடைசி வரி வரைக்கும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பெகாயிமை அங்கே அனுப்பு, செப்டம்பரில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம் என்று நீ கேட்டு மூன்று வாரம் ஆகிறது. நான் பதில் சொல்லவில்லை. சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் உன் மேல் இருக்கிற கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். நீங்கள் பார்சலில் அனுப்பினீர்களே அந்த மாயக்கதைப் புத்தகங்கள், அவை வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எனக்கு இடமில்லை. எந்தக் கதையைத் திறந்தாலும் ஒரு குழந்தை, கூடவே ஒரு பிராணி. ஒன்றில் சட்டைக் கைக்குள் சுருண்டு கிடக்கிற பல்லி அளவு டிராகன், டீ ஆவியைக் குடித்தே உயிர் வாழுமாம். ஒன்றில் ஆந்தை, தன் பையன் மறந்துபோவதையெல்லாம் அது ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். எல்லாவற்றுக்கும் மேலே வெர்னா என்று ஒரு பனிச்சிறுத்தை. அது வாய் பேசும், ஏழு மலைக்கு அப்பால் இருந்தாலும் அந்தப் பெண்ணின் நெஞ்சு அடிப்பது அதற்குக் கேட்கும், அந்தப் பெண் அதன் வயிற்றில்தான் தலை வைத்துத் தூங்குகிறாள். சிறுத்தை வயிறு என்ன நாற்றம் நாறும் என்று எனக்குத் தெரியாதா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் பட்டியில் புகுந்து எட்டு ஆட்டைக் கடித்துப் போட்ட ஜாதி அது. அதைப் போய் பெகாயிம் என் கண்ணே என்கிறாள். என்னை என்றைக்காவது கண்ணே என்றிருக்கிறாளா? அம்மா டீ, அம்மா இன்னொரு காலுறை எங்கே, இதுதான் எனக்கு.

ஒரு நாள் அவள் நோட்டில் பார்த்தேன், எனக்கு மிகவும் பிடித்த பத்துத் துணைகள் என்று மேலே எழுதிக் கீழே அடிக்கோடு போட்டிருக்கிறாள். ஒன்று வெர்னா. இரண்டு அந்த டிராகன். அப்படியே கீழே போனால் பத்தாவதாக ஒரு தவளை, அது பொய்யே சொல்லாத தவளையாம். விரல் வைத்து இரண்டு தடவை படித்தேன், நான் எங்கேயும் இல்லை. நம் நாய் அக்தோஷ்கூட இல்லை, அவள் நடை பழகினதே அதன் காதைப் பிடித்துக்கொண்டுதான். இதில் நான் எங்கேடி என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு, ஐயோ அம்மா, இது புத்தகத்துல வர்ற மிருகங்கம்மா, நீங்க மிருகமா என்ன என்கிறாள். உன் அப்பா அடுப்புப் பக்கத்திலிருந்து, அந்தத் தவளைக்குக் கீழே பதினொண்ணுன்னு போட்டு உங்கம்மா பேரை எழுதிருடி, பாவம், முகம் போற போக்கைப் பாரு என்கிறார். வேறு சமயம் காது கேட்காது, இதற்கு மட்டும் கேட்கும். அன்றைக்கு அவருக்கு உப்புப் போடாமல் கஞ்சி கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் எனக்கு இன்னும் எரியும். சோல்போனும் அங்கே அதே புத்தகத்தை வாரத்துக்கு ஒரு அத்தியாயம் படிக்கிறாளாமே. இரண்டு பேரும் நாற்பது நிமிஷம் அந்தச் சிறுத்தையைப் பற்றியே பேசுகிறார்கள். அக்கா, வெர்னா ஆத்துல விழுந்தப்போ நீங்க அழுதீங்களா, நான் அழுதேங்க்கா, என்று இவள் சொல்ல, அந்தப் பக்கம் சோல்போன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. நான் போனை வாங்கினால் என்ன அம்மா குளிர் எப்படி என்கிறாள், அவ்வளவுதான். அப்படி அந்தச் சிறுத்தையிடம் என்னதான் இருக்கிறது பார்த்துவிடுவோம் என்று, பெகாயிம் பள்ளிக்கூடம் போன பிறகு நானே புத்தகத்தை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரு பக்கம் முடிக்கிற நேரத்தில் ஒரு மாடு கறந்துவிடலாம். படித்துவிட்டு மாவுப் பெட்டிக்குள் ஒளித்தேன், ஆமாம் நான்தான். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை, தொழுவத்தில் உட்கார்ந்து ஆட்டுக்குட்டிகளுக்கு முழுக்கதையையும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை பார், குட்டிகளிடம் சொன்னாள்.

அதில்தான் எனக்குப் புத்தி கெட்டது. உங்கள் சிறுத்தை என்ன பெரிய சிறுத்தை, நம் மலையில் இல்லாததா என்று பெகாயிமிடம் ஆரம்பித்தேன். கழுகு வைக்கிற முட்டைகளில் எப்போதாவது ஒன்றில் குஞ்சு இருக்காது, நாய்க்குட்டி இருக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்களே, உனக்கும் தெரியும். ஓடு உடைகிற அன்றைக்கே எடுத்தவருக்குத்தான் அது சொந்தம், ஒரு நாள் தப்பினால் பறவையாகிப் போய்விடும், அந்த நாய் துரத்தினால் எந்த மிருகமும் தப்பாது. அதோடு விட்டிருக்கலாம். அவள் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், எத்தனை மாசம் கழித்து அப்படிப் பார்க்கிறாள், எனக்குத் தலைகால் புரியவில்லை. நானாகச் சேர்த்துவிட்டேன், அந்த நாய் யார் வீட்டில் இருக்கிறதோ அவர்களுக்குச் சாகிற வரைக்கும் தனிமை என்பதே வராது என்று. கழுகு எங்கேம்மா கூடு கட்டும் என்று கேட்டாள். கிழக்குப் பாறையைக் கையை நீட்டிக் காட்டினேன். இந்தக் கையால்தான் காட்டினேன்.

போன வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு அவள் வரவில்லை. முதலில் யார் வீட்டிலாவது புத்தகம் படிக்கிறாள் என்று திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் பார்த்தால் அக்தோஷும் இல்லை. கிழக்கே பார்த்தேன், பாறைக்கு மேல் இரண்டு கழுகு வட்டம் போடுகிறது. மகனே, என் கால் அப்போது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. உன் அப்பா சேணம்கூடப் போடாமல் குதிரையில் ஏறினார், அந்த முட்டியோடு. நான் பின்னால் ஓடினேன். நாய் குரைக்கிற சத்தத்தை வைத்துத்தான் இடம் தெரிந்தது. மூன்று ஆள் உயரத்தில் ஒரு சின்னத் திட்டில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள், ஏறத் தெரிந்தவளுக்கு இறங்கத் தெரியவில்லை. கூடு இன்னும் எவ்வளவோ மேலே. உன் அப்பா குதிரை பிடிக்கிற கயிற்றை எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் சுற்றி ஏறி அவளை இடுப்பில் கட்டி இறக்கினார். இறங்குகிற வரைக்கும் அவளிடம் ஆட்டுக்கதை பேசிக்கொண்டே இருந்தார், குரலில் ஒரு நடுக்கம் இல்லை, கீழே வந்த பிறகு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

நான் அவளை ஓங்கி ஒரு அறை அறைந்தேன். வளர்த்த நாளில் முதல் தடவை. அவள் தலையில் குல்லாய் இல்லை, கையில் கவிழாமல் பிடித்திருந்தாள், உள்ளே செம்மறி மயிர் திணித்து வைத்திருந்தாள், முட்டை குளிர்ந்துபோகக் கூடாது என்று. உனக்கு அந்தப் புத்தகத்துச் சிறுத்தை போதாதா, உனக்கு ஒரு நாய் வேறு கேட்கிறதா என்று கத்தினேன். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைவிடச் சத்தமாகக் கத்தினாள். எனக்கு எதுக்கும்மா, எனக்கா கேட்டேன், அண்ணன் வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிட்டா உங்களுக்கு யாரு இருக்கா, அப்பாவுக்குக் காது கேக்காது, நீங்க பேசறதுக்கு ஆளே இல்லாம செவுத்தைத் திட்டிட்டு இருப்பீங்க. நீ கேட்டது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று வாரமாக அவளும் என்னைப் போலவே வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

இப்போது உனக்குப் பதில். முதல் பிள்ளை பாட்டன் பாட்டிக்கு என்பது நம் வழக்கம், அதில் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நீயும் என் மாமியாரிடம்தான் வளர்ந்தாய், அவர்கள் கண்ணை மூடின வரைக்கும், பதினொரு வயசு வரை, என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாய். ஒரே வீட்டில் நான் உனக்கு ரொட்டி சுட்டுப் போடுவேன், நீ அதை எடுத்துக்கொண்டு அவர்கள் மடியில் போய் உட்காருவாய். உங்களுக்குப் பெகாயிம் பிறந்தபோது நான் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை, பால் மறந்ததும் வாங்கிக்கொண்டேன், இப்போது என் முறை என்றிருந்தது. சோல்போன் அன்றைக்கு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றாள். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி உள்ளே வந்து மாவு பிசைந்தேன். சிறுத்தை மேல் எனக்கு எரிச்சல் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டேன், ஆனால் யார் மேல் என்று உனக்கும் புரிந்திருக்கும். அதைச் சோல்போனிடம் படித்துக் காட்டாதே.

கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் லாரிக்காரனோடு அனுப்ப மாட்டேன், அவள் மூட்டை இல்லை. புல் அறுப்பு முடிந்ததும் நீங்கள் இரண்டு பேருமே வரவேண்டும், பத்து நாள் தங்கவேண்டும், ஒரு ஆடு அறுத்து நாலு பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு எல்லார் முன்னாலும் நானே சோல்போன் கையில் பிடித்துக் கொடுப்பேன். அவள் தானாகப் போனாள் என்று ஊர் சொல்லக் கூடாது, உல்கான் கொடுத்தாள் என்று சொல்லவேண்டும். அங்கே போன பிறகு அவள் சோல்போனை என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் சரி, போனில் அது என் காதில் விழுந்தாலும் விழாத மாதிரி இருந்துகொள்கிறேன், உன் அப்பாவிடம்தான் அதைக் கற்றுக்கொண்டேன். குளிரில் அவளுக்கு இடது காது வலிக்கும், பருத்தி வைத்து விடுங்கள். பாலாடை தனியாகக் கொடுத்தால் சாப்பிட மாட்டாள், ரொட்டியில் தடவி மடித்துக் கொடுத்தால் தெரியாமல் தின்றுவிடுவாள்.

உங்கள் இரண்டு பேரின் ஆயுளும் நீளட்டும், கை வைத்த மாவு பொங்கட்டும், போகிற வழியெல்லாம் வெளிச்சமாக இருக்கட்டும். ஒன்று மறக்காதே. அந்தச் சிறுத்தைக் கதைக்கு மூன்றாம் புத்தகம் வந்துவிட்டதாம், பெகாயிம் சொன்னாள். அதை அங்கே வாங்கி வைக்காதே, அவளிடம் கொடுக்காதே, என் பெயர் போட்டு இங்கே அனுப்பு. நான்தான் முதலில் படிப்பேன், எத்தனை மாசம் ஆனாலும் ஆகட்டும். வெர்னா பிழைத்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவேண்டும் என்றால் எனக்குப் போன் போட்டுக் கேட்கட்டும். ஒரு தடவைக்கு ஒரு அத்தியாயம்தான் சொல்வேன். சோல்போனுக்கும் அதே சட்டம்.

உன் அம்மா
உல்கான்